ஸ்பீக்கர் வந்தாயிற்று, இனி அறை: ஒரு லட்ச ரூபாய்க்கு நான்கு வழிகள்

போன மாதம் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். பல வருடம் பணம் சேர்த்து, ஆளுயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கி வீட்டில் இறக்கியிருக்கிறார். கடையில் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பி (தடித்த ஓசை தரும் இடப்பக்கம்) "தொம்" என்று விழுந்து அங்கேயே நின்றதாம். வீட்டில் அதே பதிவு "தொம்ம்ம்" என்று இழுக்கிறதாம். கையில் இன்னும் ஒரு லட்சம் இருக்கிறது, ஆம்ப்ளிஃபையரை மாற்றட்டுமா, கேபிளை மாற்றட்டுமா என்று கேட்டார். இரண்டும் வேண்டாம், அறை என்ன அளவு சொல்லுங்கள் என்றேன். பதினைந்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி, கான்கிரீட் கூரை, கீழே விட்ரிஃபைடு டைல்ஸ், சோபா பின்சுவரை ஒட்டி. இழுப்புக்குக் காரணம் முழுக்க அந்த ஒரு வரியில் இருந்தது.

அந்த ஒரு லட்சத்தைப் போட நான்கு இடங்கள் உண்டு: ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்துவது, சுவரில் உறிஞ்சு பலகை அடிப்பது, டிஎஸ்பி (சிக்னலை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) வைத்துத் திருத்துவது, ஒரு ஜோடி சப்வூஃபர் (அடித்தொனிக்கு மட்டுமான ஸ்பீக்கர்) சேர்ப்பது. நான்கையும் வெவ்வேறு சமயங்களில் என் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தப்பாகவும் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

## முதலில் அளவுகோல்

நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 347 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர் இரண்டு சுவருக்கு நடுவே அரை அலை சரியாகப் பொருந்தும் சுருதியில் அறை தானே கூடச் சேர்ந்து பாடும். பதினைந்தடி நீளத்துக்கு அது 38 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடி அகலத்துக்கு 47, பத்தடி உயரத்துக்கு 57. அவற்றின் மடங்குகளும் உண்டு. அந்தச் சுருதிகளில் அறையின் சில இடங்களில் ஒலி தூக்கலாகக் கேட்கும், அது மேடு; சில இடங்களில் மங்கிவிடும், அது பள்ளம். இந்த அளவு அறையில் சுமார் 200 ஹெர்ட்ஸ் வரை ஆட்சி அறையினுடையது. அதற்கு மேலேதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் பேசத் தொடங்குகிறது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இது பற்றி நாம் படிக்கும் அறிவுரையில் பாதிக்கு மேல் அமெரிக்க வீடுகளை வைத்து எழுதப்பட்டது. அங்கே உள்சுவர் என்பது பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ், அதாவது அடித்தொனி, வந்து மோதினால் அது கொஞ்சம் அசைந்து கொடுக்கும், கொஞ்சம் வெளியே விடும். அதாவது சுவரே ஓரளவு பேஸ் உறிஞ்சி. நம் வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். போன பேஸ் அப்படியே திரும்பி வரும். கிராமத்து ஓட்டு வீட்டில் சாதாரண ஸ்பீக்கர்கூட இழுக்காமல் பாடுவதற்கு, ஓட்டின் சந்து வழியே பேஸ் வெளியேறிவிடுவதும் ஒரு காரணம். ஆகவே அங்கே எழுதிய சூத்திரம் இங்கும் பொருந்தும், ஆனால் வியாதி இங்கே ஒரு படி கடுமை.

நான்கு வழிகளையும் இந்த ஐந்து கேள்வியால் எடை போடலாம்:

- எந்த வியாதியைத் தீர்க்கிறது? பேஸ் மேடு, பேஸ் பள்ளம், மேல் சுருதிகளின் எதிரொலி என மூன்று உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.
- முழுச் செலவு என்ன? பில்லில் வராததையும் சேர்த்து.
- வீடு மாறினால் கூட வருமா?
- ஒரு நாற்காலிக்கா, சோபாவில் மூன்று பேருக்கா?
- வீட்டில் இருப்பவர்களும் கீழ் வீட்டில் இருப்பவர்களும் பொறுப்பார்களா?

## வழி 1: நகர்த்துவது

செலவு கிடையாது. முதுகு வலிக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். இதில் இரண்டு கட்சி உண்டு: டேப் கட்சி, காது கட்சி.

டேப் கட்சியில் பிரபலமானது அமெரிக்கக் கேபிள் தயாரிப்பாளர் ஜார்ஜ் கார்டாஸின் கணக்கு. வூஃபரின் (ஸ்பீக்கரில் பேஸ் தரும் பெரிய கூம்பு) நடுவிலிருந்து பக்கச் சுவர் அறை அகலத்தில் 0.276 பங்கு, ஸ்பீக்கருக்குப் பின்சுவர் 0.447 பங்கு தூரத்தில் இருக்க வேண்டும். நண்பரின் அறைக்கு அது 3.3 அடி, 5.4 அடி. நாற்காலிக்கு வழக்கமாகச் சொல்லும் விதி, அதன் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம். அது 5.7 அடி. இப்போது கழித்துப் பாருங்கள்: ஸ்பீக்கர் வரிசைக்கும் நாற்காலிக்கும் நடுவே மிஞ்சுவது நாலடிகூட இல்லை. மூன்று நான்கு டிரைவர் (ஒலி எழுப்பும் கூம்பு) அடுக்கிய ஸ்பீக்கரை நாலடியில் உட்கார்ந்து கேட்பது, நாதஸ்வரத்தின் அணசுக்குள் காதை வைத்துக் கேட்பது மாதிரி. டிரைவர்களின் ஒலி ஒன்றாகக் கலக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும். அதுவும் போக, ஹால் நடுவில் இரண்டு தூண் நின்றால் பால்கனிக்கு எப்படிப் போவது? சூத்திரம் பெரிய தனி அறைக்கு நல்லது, நம் ஹாலில் தொடங்கும் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காது கட்சியின் வழி எனக்குப் பிடித்தது. யூட்டா மாநிலத்தில் ஸ்பீக்கர் செய்யும் வில்சன் ஆடியோ நிறுவனத்தார் பரப்பிய முறை இது. ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்துக்குப் பின்சுவரில் ஒருவர் முதுகைச் சாய்த்து நின்று சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே மெல்ல முன்னால் நடக்க வேண்டும். நீங்கள் உங்கள் நாற்காலியிலிருந்து கேட்க வேண்டும். சுவரோரம் குரல் கனத்துக் குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். நடக்க நடக்க ஓரிடத்தில் தெளியும், இன்னும் நடந்தால் மறுபடி மாறும். தெளிவு தொடங்குமிடத்திலும் முடியுமிடத்திலும் தரையில் மாஸ்கிங் டேப். பக்கச் சுவரிலிருந்தும் இதே நடை. இரண்டு பட்டையும் குறுக்கிடும் சிறு கட்டத்துக்குள் ஸ்பீக்கரை வைத்து, பிறகு அங்குலம் அங்குலமாக நகர்த்துவது. மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதற்கு இருக்கும் பொறுமை இதற்கும் வேண்டும்.

மூன்று விஷயங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று, நாற்காலி பின்சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. நீளவாட்டு மேடுகள் எல்லாம் சுவரோரத்தில்தான் உச்சத்தில் நிற்கும். அறையின் நட்ட நடுவிலும் வேண்டாம், அங்கே 38 ஹெர்ட்ஸ் காணாமல் போய்விடும். இரண்டு, வூஃபரிலிருந்து பின்சுவர், பக்கச் சுவர், தரை மூன்றும் மூன்று வெவ்வேறு தூரத்தில் இருக்கட்டும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதி ஒரு சுருதியைத் தின்றுவிடும். வூஃபர் சுவரிலிருந்து மூன்றடி என்றால் பள்ளம் 95 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். மூன்று தூரமும் ஒன்றானால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழும். மூன்று, ஸ்பீக்கர் அடியில் மாட்டும் ஸ்பைக்கை, அதாவது கூர்முனைக் காலை, கடைசியில் மாட்டுங்கள். அதுவரை அடியில் மடித்த ஜமுக்காளம் போட்டு இழுத்தால் டைல்ஸில் கீறல் விழாது.

ஸ்பீக்கரை உள்நோக்கித் திருப்பும் கோணம் மேல் சுருதிகளுக்கும் பாடகர் நடுவில் நிற்பதற்கும் மட்டுமே. பேஸ் இழுப்புக்கு அதைத் திருகுவதில் பயனில்லை.

இந்த வழியின் எல்லை இதுதான்: மேடுகளைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. மறைமுகச் செலவு, ஹாலில் மூன்றடி இடம். சதுர அடி இவ்வளவு என்று கொடுத்து வாங்கிய ஃபிளாட்டில் அது சின்னச் செலவு இல்லை. ஆனாலும் மற்ற மூன்றில் எதைத் தேர்ந்தாலும் முதலில் இதைச் செய்தே ஆக வேண்டும்.

## வழி 2: உறிஞ்சு பலகைகள்

இதில்தான் நான் தப்பு செய்தேன். முதல் வருடமே இரண்டு அங்குல ஃபோம் சதுரங்களை வாங்கிச் சுவர் பூராவும் ஒட்டினேன். தம்புராவின் மினுமினுப்பு போய்விட்டது, வயலினுக்குக் காற்றே இல்லை. தொப்பி மட்டும் முன்பைவிட அதிகமாக இழுத்த மாதிரி இருந்தது. மேலே வெட்டினால் கீழே இருப்பது தூக்கலாகத் தெரியாமல் என்ன செய்யும்?

காரணம் அலையின் நீளம். 50 ஹெர்ட்ஸ் அலை ஏழு மீட்டர் நீளம். துளையுள்ள பொருள் ஓர் அலையை நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால், சுவரிலிருந்து அதன் நீளத்தில் கால்பங்கு தூரம் வரை பொருள் இருப்பது நல்லது. கால்பங்கே 1.7 மீட்டர்! 50 மில்லிமீட்டர் ராக்வுல்லைச் (பாறையை உருக்கி இழுத்த பஞ்சுப் பலகை) சுவரோடு ஒட்டினால் 300 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழு வேலை செய்யும். நூறு மில்லிமீட்டர் தடிமனும் பின்னால் அதே அளவு காற்று இடைவெளியும் விட்டால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரை ஓரளவு இறங்கலாம். 38க்கும் 47க்கும் இது எட்டாது. அதற்கு மூலையில் தரையிலிருந்து கூரை வரை ஓரடிக்கு மேல் தடிமனான அடைப்போ, அந்தச் சுருதிக்கென்றே கட்டிய மரப்பெட்டி உறிஞ்சியோ வேண்டும்.

அப்படியானால் பலகை வீணா? இல்லை. நம் அறைகளில் கை தட்டினால் "சிலீர்" என்று ஓர் ஒலி ஓடுமே, டைல்ஸ், கண்ணாடி, வெறும் சுவர் சேர்ந்து செய்யும் வேலை, அதற்கு இதுதான் மருந்து. டிஎஸ்பியால் அதைத் தொடவே முடியாது. பேஸிலும் தடிமனான மூலை அடைப்புக்கு ஒரு பெருமை உண்டு: மேட்டின் உயரத்தை மட்டுமல்லாமல் அது இழுக்கும் நேரத்தையும் அறை முழுவதும் குறைக்கும்.

எங்கே அடிப்பது என்பதற்குக் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் உட்கார, ஒருவர் பக்கச் சுவரோரம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். ட்வீட்டர் (மேல் சுருதி தரும் சின்ன டிரைவர்) எங்கே தெரிகிறதோ அது முதல் எதிரொலிப் புள்ளி. ஆனால் அங்கே ஆணி அடிக்கும் முன் ஒரு மறுப்பைக் கேளுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மன் ஆடியோ நிறுவனத்திலும் பல ஆண்டுகள் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்த ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர் பக்கவாட்டில் வீசும் ஒலி நன்றாக இருந்தால் பக்கச் சுவர் எதிரொலி கெடுதல் இல்லை, பலருக்கு அது விசாலமாகத் தோன்றிப் பிடிக்கவும் செய்யும் என்கிறார். நீங்கள் வாங்கியது உயர்ரக ஸ்பீக்கர் என்றால் அந்த வீச்சுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். எனவே காசு செலவழிக்கும் முன் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து ஒரு வாரம் கேளுங்கள். மூலையிலும் ஒன்றை நிறுத்திப் பாருங்கள். பிடித்தால் ஆசாரியைக் கூப்பிடலாம்.

பில்லில் வராத செலவுகள்: துணி நெருக்கமாக நெய்ததாக இருந்தால் ஒலி உள்ளேயே போகாது (வாயில் வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் வர வேண்டும்). ராக்வுல் வெட்டும் நாளில் கையுறை, முகமூடி இல்லாவிட்டால் இரவெல்லாம் அரிப்பு. கடலோர ஊரில் ஈரச் சுவரோடு ஒட்டினால் பூசணம். இடைவெளி விட்டு மாட்டினால் பூசணம் வராது, பல்லி குடும்பம் நடத்தும். வாடகை வீடு என்றால் ஆணி ஓட்டைக்கு அட்வான்ஸில் கை வைப்பார்கள். முட்டை அட்டையைப் பற்றிக் கேட்காதீர்கள், அது முட்டைக்கு.

## வழி 3: மைக்கும் டிஎஸ்பியும்

யூஎஸ்பி அளவு மைக் ஒன்று, மினிடிஎஸ்பியின் யூமிக்-1 மாதிரி. ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருள். இந்த இரண்டும் இருந்தால் உங்கள் அறையின் ஜாதகம் கையில் வந்துவிடும். திருத்துவதற்குத் தனிப்பெட்டி, அல்லது ஆம்ப்ளிஃபையரிலேயே இருக்கும் டிராக் லைவ், ஆடிசி போன்ற திருத்தும் வசதிகள்.

செய்ய முடிந்தது: மேட்டை வெட்டுவது. 47 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் மேடு இருந்தால் அதை இறக்கிவிடலாம், நாற்காலியில் இழுப்பும் சேர்ந்தே குறையும். சின்ன அறையில் பேஸ் மேட்டுக்கு ரூபாய்க்கு ரூபாய் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இடது ஸ்பீக்கர் சுவர் மூலையிலும் வலது ஸ்பீக்கர் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திறந்தும் நிற்கும் ஃபிளாட் ஹாலில், இரண்டு பக்கத்தையும் தனித்தனியே திருத்த வேறு வழியும் இல்லை.

செய்ய முடியாதது: பள்ளத்தை நிரப்புவது. அங்கே நேர் அலையும் திரும்பிய அலையும் ஒன்றையொன்று தின்கின்றன, ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். 10 டெசிபல் ஏற்றச் சொன்னால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். நூறு வாட் ஆயிரமாகும், வூஃபர் துடிக்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். பள்ளத்துக்கு வழி 1 அல்லது வழி 4.

எங்கே நிறுத்துவது என்பது முக்கியம். மென்பொருள் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை கோட்டை நேராக்கித் தருகிறேன் என்று ஆசை காட்டும். நான் 300 ஹெர்ட்ஸுக்கு மேல் கை வைப்பதில்லை. அதற்கு மேல் அந்த ஸ்பீக்கரைச் செய்தவரின் காதை நம்பித்தானே வாங்கினோம்?

மறைமுகச் செலவு: ரெக்கார்டு கேட்பவர்களுக்கு மனக்கஷ்டம். அனலாக் சிக்னல் ஒருமுறை டிஜிட்டலாகித் திரும்பி வரும். நல்ல டிஏசி (டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் பெட்டி) வைத்திருப்பவர் அதை எங்கே பொருத்துவது என்று யோசிக்க வேண்டும். இன்னொன்று, அளந்துகொண்டே இருக்கும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். பாட்டு கேட்கும் நேரம் குறைந்து கிராஃப் பார்க்கும் நேரம் கூடிவிட்டது என்று வீட்டில் சொன்னால் அவர்கள் சொல்வது சரி.

## வழி 4: சப்வூஃபர் ஒரு ஜோடி

பேஸ் ஏற்கெனவே அதிகம், இன்னும் சப்வூஃபரா என்று தோன்றும். கூடுதல் சத்தத்துக்காக இல்லை, சமப்படுத்துவதற்காக. ஹார்மனில் டாட் வெல்டி செய்த ஆய்வில், எதிரெதிர் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைத்தால் இரண்டே சப்வூஃபர் பல இருக்கைகளுக்கு நல்ல சமநிலை தரும் என்று வந்தது. சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மட்டும் பிள்ளை குதித்தால் பலகை ஆடும், இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஒரே எடை அமர்ந்தால் ஆடாது. அறையின் முதல் நீளவாட்டு மேடும் அப்படித்தான் அடங்குகிறது.

பெரிய ஸ்பீக்கரின் பேஸும், பாடகர் எதிரே நிற்பது போன்ற மேடைத் தோற்றமும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தாக வேண்டும், இரண்டுக்கும் நல்ல இடம் வேறுவேறு. சப்வூஃபர் இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்கும் வீட்டுக்கு இதற்கு ஈடில்லை.

ஆனால் இது நான்கிலும் அதிகச் செலவு, அதிக வேலை. நல்லதாக இரண்டு வாங்கினால் லட்சம் தாண்டிவிடும். ஹாலின் பின்பக்கம் ஒரு ப்ளக் பாயின்ட் வேண்டும், கேபிள் ஓட வேண்டும். ஸ்பீக்கரோடு நேரம் சேர்க்க மைக்கும் டிஎஸ்பியும் எப்படியும் தேவை, ஆக வழி 3 இதற்குள் அடக்கம். அப்புறம் தரையில் நிற்கும் சப்வூஃபரின் அதிர்வைக் கான்கிரீட் நன்றாகக் கடத்தும். கீழ் வீட்டில் கைக்குழந்தையோ தேர்வெழுதும் பிள்ளையோ இருந்தால் உறவு கெடும்.

## பக்கத்தில் பக்கம்

| | நகர்த்துவது | பலகை | டிஎஸ்பி | இரு சப்வூஃபர் |
|---|---|---|---|---|
| பேஸ் மேடு | ஓரளவு | தடிமனாக இருந்தால் மட்டும் | மிக நன்று | நன்று |
| பேஸ் பள்ளம் | நன்று | கொஞ்சம் | முடியாது | மிக நன்று |
| மேல் எதிரொலி | கொஞ்சம் | மிக நன்று | முடியாது | தொடர்பில்லை |
| பணம் | இல்லை | நடுத்தரம் | குறைவு முதல் நடுத்தரம் | அதிகம் |
| பில்லில் வராதது | ஹாலில் இடம் | அழகு, ஈரம், ஆணி | நேரம், கிராஃப் பைத்தியம் | ப்ளக், கேபிள், கீழ் வீடு |
| வீடு மாறினால் | மறுபடி செய்யலாம் | பாதி வீண் | கூட வரும் | கூட வரும் |
| எத்தனை பேருக்கு | ஒருவர் | எல்லோருக்கும் | ஒருவர், இருவர் | எல்லோருக்கும் |

## எது யாருக்கு

வாடகை வீடு, ஒரே நாற்காலி: நகர்த்துங்கள், மைக் வாங்குங்கள், 300 வரை திருத்துங்கள். தரையில் கனமான கம்பளம், ஜன்னலில் மடிப்பு அதிகமுள்ள திரை. பணத்தில் பாதி மிச்சம்.

சொந்த வீட்டில் தனி அறை: மூலை அடைப்பில் தாராளமாகச் செலவழிக்கலாம். கட்டும்போதே தெரிந்தால் இன்னும் நல்லது. நீளம், அகலம், உயரம் ஒன்றுக்கொன்று சமமாகவோ இரட்டிப்பாகவோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமும் பத்தடியான பத்துக்குப் பத்து அறையை வைத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள், மூன்று மேடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

குடும்பத்தோடு ஹாலில் படமும் பாட்டும்: சப்வூஃபர் ஜோடி, தரைத்தளமாகவோ தனி வீடாகவோ இருந்தால். மாடி ஃபிளாட்டில் நான் டிஎஸ்பியோடு நிறுத்திக்கொள்வேன்.

ரெக்கார்டு மட்டும் கேட்பவர், சிக்னலில் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்பவர்: நகர்த்துவது, மூலை அடைப்பு. ஆனால் மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள். அளப்பது சிக்னலைத் தொடாது.

நண்பர் வீட்டுக்கு மைக்கோடு போனேன். ஃபேன், ஏசி எல்லாம் அணைத்து முதல் ஸ்வீப், அதாவது கீழ்ச் சுருதியிலிருந்து மேல்வரை ஏறும் சோதனை ஒலி, ஓடவிட்டோம். ஸ்பீக்கரை முந்திக்கொண்டு பேசியது பக்கத்து அறைப் பீரோ, 47 ஹெர்ட்ஸ் பக்கம் கதவு கடகடவென்று ஆடியது. அடுத்து ஷோகேஸ் கண்ணாடி. சோபாவை மூன்றடி முன்னே இழுத்தோம், ஓரடியில் நின்ற ஸ்பீக்கரை மூன்றடிக்குக் கொண்டுவந்தோம். இழுப்பு பாதியானது. மிஞ்சிய ஒரு மேட்டை ஆம்ப்ளிஃபையரில் இருந்த திருத்தியே வெட்டியது, அதை அவர் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை. செலவு, மைக் மட்டும். நேற்று மறுபடி கூப்பிட்டார்: மிச்சப் பணத்தில் கேபிள் வாங்கலாமா? பீரோ கதவுக்கு ரப்பர் புஷ் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.